பாரிசின் தூய இலாசர் இல்லமும் குருக்களின் தொடர் உருவாக்கமும்

தூய இலாசர் இல்லம் பாரிஸ் நகரின் வடக்கே, சேன் தெனி ஊருக்குச் செல்லும் பெருவழியில் இருந்த கத்தோலிக்கத் தியான இல்லம். பிரெஞ்சு மொழியில் இது சேன் லசார் எனப்பட்டது. 12-ஆம் நூற்றாண்டில் தொழுநோயாளர் இல்லமாகத் தோன்றிய இவ்வளாகம் 1632-இல் புனித வின்சென்ட் தே பவுலின் பொறுப்பில் வந்தது. அது முதல் பிரெஞ்சுப் புரட்சிக் காலம் வரை குருப்பட்டம் பெறவிருப்போரும் பட்டம் பெற்ற குருக்களும் தங்கித் தியானம் செய்யவும், தம் பணியைப் புதிதாகக் கற்கவும் இது இடமாக இருந்தது.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வின்சென்ட் தே பவுல் என்ற பெயர் ஏழைகளுக்கு உதவும் பங்குச் சபையின் வழியாகவே பெரும்பாலும் அறியப்படுகிறது. அந்தச் சபை அவர் இறந்து நெடுங்காலத்துக்குப் பின் 1833-இல் பாரிஸ் மாணவர்கள் சிலரால் தொடங்கப்பட்டது. வின்சென்ட் தம் வாழ்நாளில் ஏழைகளுக்குச் செய்த பணியோடு இணைத்தே குருக்களின் பயிற்சியையும் மேற்கொண்டார். ஏழைகளின் ஆன்மிகத் தேவையைக் கவனிக்க வேண்டிய குருவே தம் கடமையை அறியாதவராக இருந்தால் ஏழைகள் இரட்டிப்பாகக் கைவிடப்படுகிறார்கள் என்பதை அவர் நேரில் கண்டிருந்தார். தூய இலாசர் இல்லத்தின் வரலாறு அந்த அனுபவத்திலிருந்தே தொடங்குகிறது.

பின்னணி

திரெந்து பொதுச்சங்கம் 1563 ஜூலை 15 அன்று ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் குருமடம் அமைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. குருப்பட்டம் பெறுபவர் 24 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும் என்றும் அச்சங்கம் வகுத்தது. ஆணை பிறந்தாலும் பிரான்சில் அது எளிதில் நடைமுறைக்கு வரவில்லை. சமயப் போர்கள் நாட்டைச் சீரழித்திருந்தன. சங்கத்தின் முடிவுகளைப் பிரெஞ்சுக் குருகுலம் முறைப்படி ஏற்றுக்கொண்டதே 1615-இல்தான். தொடங்கப்பட்ட குருமடங்கள் பலவும் பணமும் ஆசிரியரும் இல்லாமல் நலிந்தன.

அதனால் பல மறைமாவட்டங்களில் ஓர் இளைஞர் கொஞ்சம் இலத்தீன் கற்று, ஒரு மானியத்தையோ பரிந்துரையையோ பெற்று, ஆயரிடம் சென்று பட்டம் வாங்கிவிட முடிந்தது. திருப்பலி நிறைவேற்றவும், பாவசங்கீர்த்தனம் கேட்கவும், மறையுரை ஆற்றவும் அவருக்கு யாரும் கற்றுத்தருவதில்லை.

வின்சென்ட் தாமே இந்தச் சூழலின் விளைவு. தென்மேற்குப் பிரான்சில் பூய் என்ற சிற்றூரில் 1581-இல் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்த அவர், 1600 செப்டம்பரில் குருவானார். அப்போது அவருக்கு வயது 19. சங்கம் விதித்த வயதை எட்ட இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. குடும்பத்தைத் தாங்கக்கூடிய வருவாயுள்ள ஒரு பதவியைப் பெறுவதே இளம் வயதில் அவருடைய நோக்கமாக இருந்தது. பிற்காலத்தில், குருத்துவம் என்றால் என்னவென்று முன்பே அறிந்திருந்தால் தாம் அதில் நுழையத் துணிந்திருக்க மாட்டேன் என்ற பொருளில் அவர் பேசியும் எழுதியும் உள்ளார்.

திருமதி தே கோந்தியின் காகிதம்

வின்சென்ட் பாரிசில் கோந்தி என்னும் உயர்குடிக் குடும்பத்தில் பிள்ளைகளின் ஆசிரியராகவும் ஆன்ம குருவாகவும் இருந்தார். 1617-இல் அக்குடும்பத்தின் நிலம் இருந்த பிக்கார்தி பகுதியில், கான் என்ற ஊரில் நோயுற்றுக் கிடந்த உழவர் ஒருவர் அவரிடம் தம் வாழ்நாள் முழுமைக்குமான பாவசங்கீர்த்தனம் செய்தார். ஊரில் நல்லவர் என்று பெயர் பெற்றிருந்த அந்த மனிதர் பெரிய பாவங்களைப் பல ஆண்டுகளாகச் சொல்லாமல் மறைத்து வந்ததாகத் திருமதி தே கோந்தியிடம் தாமே சொன்னார். அதைக் கேட்டு அவர் அதிர்ந்தார். ஜனவரி 25 அன்று பக்கத்திலுள்ள ஃபோல்வில் ஆலயத்தில் வின்சென்ட் இதைப் பற்றி மறையுரை ஆற்றினார். பாவசங்கீர்த்தனம் செய்ய வந்த கூட்டத்தைச் சமாளிக்க அமியான் நகரிலிருந்து இயேசு சபைக் குருக்களை அழைக்க வேண்டியதாயிற்று.

இதே பெண்மணி வின்சென்டிடம் சொன்ன மற்றொரு செய்தியும் அவர் மனத்தில் தங்கியது. இளம் வயதில் தாம் பாவசங்கீர்த்தனம் செய்த பங்குக் குரு பாவமன்னிப்புச் செபத்தைச் சொல்லாமல் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்ததை அவர் கவனித்திருந்தார். பின்னர் ஒரு துறவியிடம் அந்தச் செபத்தை எழுதி வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு முறையும் அந்தக் காகிதத்தைக் குருவின் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார். இதைக் கேட்ட பின் வின்சென்டும் தாம் பாவசங்கீர்த்தனம் செய்த குருக்களைக் கூர்ந்து கவனித்தார். அந்தச் செபம் தெரியாத குருக்கள் ஒருவர் இருவர் அல்லர் என்று கண்டார்.

கத்தோலிக்க நம்பிக்கையின்படி இது சிறு பிழை அன்று. சாகும் தறுவாயில் இருப்பவர் மன்னிப்புப் பெற்றேன் என்று நம்பிக் கண்மூடுகிறார். ஆனால் மன்னிப்பின் சொற்களே சொல்லப்படவில்லை. திருமதி தே கோந்திக்கு எழுத்தறிவும், கேட்டு வாங்கும் செல்வாக்கும் இருந்தன. உழவருக்கு அவை இல்லை. குருவின் அறியாமைக்கான விலையைக் கொடுத்தவர் ஏழையே.

போவே மறைமாவட்டத்தில் முதல் முயற்சி

கோந்தி குடும்பத்தின் நிதியுதவியோடு 1625 ஏப்ரல் 17 அன்று கிராம மக்களுக்கு மறைப்பணி செய்யும் குருக்களின் சபையை வின்சென்ட் நிறுவினார். அதன் முதல் இருப்பிடம் பாரிசில் 'நல்ல பிள்ளைகள்' என்று பொருள்படும் பெயர் கொண்ட பழைய கல்லூரிக் கட்டடம். சபையார் ஊர் ஊராகச் சென்று சில வாரங்கள் தங்கி மறைக்கல்வி கற்பித்தனர், பாவசங்கீர்த்தனம் கேட்டனர். ஆனால் அவர்கள் கிளம்பிய பிறகு அந்த மக்களைப் பழைய குருவே கவனிக்க வேண்டியிருந்தது. குரு மாறாவிட்டால் ஊரில் ஏற்பட்ட மாற்றம் நிலைக்காது என்பது விரைவிலேயே தெரிந்தது.

போவே மறைமாவட்ட ஆயர் ஒகுஸ்தன் பொத்தியே இதே கவலையில் இருந்தார். 1628 கோடையில் அவரும் வின்சென்டும் ஒரே வண்டியில் பயணம் செய்தனர். ஆயர் கண்களை மூடியிருந்ததால் அவர் உறங்குவதாக உடனிருந்தோர் நினைத்தனர். தாம் உறங்கவில்லை என்றும், குருக்களைச் சீர்படுத்தக் குறுகிய வழி எது என்று எண்ணிக்கொண்டிருந்ததாகவும் அவர் சொன்னார். பழகிப்போன முதிய குருக்களை மாற்றுவது கடினம். எனவே பட்டம் பெறப்போகும் இளைஞரை முன்கூட்டியே தம் இல்லத்தில் சில நாள் தங்கவைத்துப் பயிற்றுவிப்பது என்று அவர் முடிவு செய்தார். வின்சென்ட் அதற்கான பாடத்திட்டத்தை வகுத்தார். அந்தச் செப்டம்பர் மாதத்திலேயே போவேயில் முதல் தியானம் நடந்தது. 1631-இல் பாரிஸ் பேராயர் தம் மறைமாவட்டத்தில் பட்டம் பெறுவோர் அனைவரும் இத்தகைய தியானத்தில் பங்கேற்க வேண்டும் என்று ஆணையிட்டார். நல்ல பிள்ளைகள் கல்லூரியில் இடம் போதவில்லை.

தொழுநோயாளர் இல்லம் கைமாறியது

இந்த நேரத்தில்தான் தூய இலாசர் இல்லத்தின் தலைவர் அத்ரியன் லெ போன் வின்சென்டைத் தேடி வந்தார். அங்கிருந்த துறவிகளோடு அவருக்கு இணக்கம் இல்லை. வளாகம் பெரியது, நிலபுலன் மிகுந்தது. ஆனால் தொழுநோய் பிரான்சில் அருகிவிட்டதால் நோயாளர் மிகச் சிலரே இருந்தனர். இல்லத்தை ஏற்றுக்கொள்ளுமாறு அவர் கேட்டபோது வின்சென்ட் மறுத்தார். சிறு சபைக்கு இது மிகப் பெரிய சொத்து என்பது அவர் கருத்து. ஓராண்டுக்கும் மேலாக லெ போன் விடாமல் வற்புறுத்தினார்.

1632 ஜனவரி 7 அன்று உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மறுநாளே வின்சென்ட் அங்கு குடியேறினார். தொழுநோயாளர் வந்தால் அவர்களை ஏற்றுப் பேண வேண்டும் என்ற பழைய கடமையும் தொடர்ந்தது. உரிமை தங்களுடையது என்று வாதிட்டோரால் வழக்கும் எழுந்தது. சட்டச் சிக்கல்கள் முழுமையாகத் தீரப் பல ஆண்டுகள் ஆயின. இந்த இல்லத்தின் பெயராலேயே வின்சென்டின் சபையார் பிரான்சில் 'லசாரிஸ்ட்' எனப்பட்டனர்.

பதினொரு நாட்கள்

பட்டம் வழங்கும் பருவம் நெருங்கியதும் இளைஞர்கள் பல ஊர்களிலிருந்தும் தூய இலாசர் வாயிலில் வந்து சேர்ந்தனர். ஒவ்வொரு முறையும் 70 முதல் 90 பேர் வரை வந்ததாக வின்சென்டின் முதல் வரலாற்றாசிரியர் லூயி அபெல்லி 1664-இல் வெளியிட்ட நூலில் குறிப்பிடுகிறார். ஆண்டில் பலமுறை இந்தத் தியானம் நடந்தது. தங்குமிடம், உணவு எதற்கும் கட்டணம் இல்லை.

தியானம் 11 நாட்கள் நீடித்தது. நாள்தோறும் இரண்டு உரைகள் இருந்தன. காலை உரை குருவின் அன்றாடப் பணிக்குத் தேவையான அறிவைத் தந்தது. திருவருட்சாதனங்கள், பத்துக் கட்டளைகள், விசுவாச அறிக்கை, திருச்சபைத் தண்டனைகள், பாவசங்கீர்த்தனம் கேட்கும் முறை ஆகியவை அதில் இடம்பெற்றன. மாலை உரை குருவின் உள்வாழ்வைப் பற்றியது. மனச்செபம், இறையழைத்தல், திருப்பட்டங்கள் ஒவ்வொன்றின் பொருள், குருவுக்குரிய நடத்தை ஆகியவை அதன் தலைப்புகள்.

உரை முடிந்ததும் இளைஞர்கள் 12 முதல் 15 பேர் கொண்ட குழுக்களாகப் பிரிந்தனர். ஒவ்வொரு குழுவிலும் சபைக் குரு ஒருவர் இருந்தார். கேட்டதை அவர்கள் தங்களுக்குள் பேசி மனத்தில் பதித்துக்கொண்டனர். திருப்பலிச் சடங்குகளைச் செய்து பழகினர். திருப்புகழ்மாலையைச் சேர்ந்து செபித்தனர். வாழ்நாள் முழுமைக்குமான பாவசங்கீர்த்தனம் ஒன்றையும் செய்தனர். மற்ற நேரங்களில் மௌனம் காக்கப்பட்டது.

இந்த இளைஞருள் சிலர் சொர்போனில் இறையியல் பயின்றவர்கள். அவர்களுக்குப் பாடம் புதிதன்று. கற்றறிந்த சொற்பொழிவைவிட இல்லத்தாரின் பணிவும், சடங்குகளை ஒழுங்காக நடத்தும் கவனமும், உணவு பரிமாறும் சகோதரரின் எளிமையுமே அவர்களைத் தொடும் என்று வின்சென்ட் தம் சபையாருக்குச் சொல்லிவந்தார். உரைகளையும் அலங்காரம் இல்லாமல் அமைக்கச் சொன்னார். ஒரு நற்பண்பை ஏன் கைக்கொள்ள வேண்டும், அது எதில் அடங்கியுள்ளது, அதை அடைய என்ன செய்ய வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்குத் தெளிவாக விடை சொல்வதே அவர் கற்பித்த 'சிறு முறை'.

செவ்வாய்க்கிழமைக் கூட்டம்

பட்டம் பெற்ற பின் என்ன செய்வது என்ற கேள்வி விரைவில் எழுந்தது. 11 நாள் அனுபவம் ஊருக்குத் திரும்பியதும் மங்கிவிடும் என்று சிலர் அஞ்சினர். தியானத்தில் பங்கேற்ற குருக்கள் சிலரே வின்சென்டிடம் வந்து, தாங்கள் தொடர்ந்து சந்திக்க வழி செய்யுமாறு கேட்டனர். 1633-இல் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் தொடங்கியது.

குருக்கள் வாரந்தோறும் தூய இலாசரில் கூடினர். அடுத்த கூட்டத்துக்கான பொருள் முன்னரே அறிவிக்கப்பட்டது. ஒவ்வொருவரும் அதைத் தனியே சிந்தித்து வந்து, தம் மனத்தில் பட்டதைச் சுருக்கமாகச் சொன்னார். புலமை காட்டும் பேச்சுக்கு அங்கு இடம் இல்லை. உறுப்பினர்கள் தாங்கள் பேசியதைச் செயலிலும் காட்ட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. மருத்துவமனைகளிலும், சிறையிலும், நகரின் ஏழைகளிடையேயும் அவர்கள் பணி செய்தனர். 1658-இல் மெத்ஸ் நகரில் நடந்த பெரும் மறைப்பணியை நடத்தியவர்களும் இக்கூட்டத்தின் குருக்களே.

பிற்காலத்தில் குருமடப் பயிற்சிக்கென்றே சேன் சுல்பீஸ் சபையை நிறுவிய ழான் ழாக் ஒலியே இக்கூட்டத்தின் தொடக்ககால உறுப்பினர். அலே மறைமாவட்ட ஆயரான நிக்கோலா பவியோனும் இங்கிருந்து சென்றவர். பிரெஞ்சு உரைநடையின் பெருமக்களுள் ஒருவரான பொசுவே 1652-இல் குருப்பட்டம் பெறுமுன் தூய இலாசரில் தியானம் செய்து, பின் கூட்டத்தில் சேர்ந்தார். அரை நூற்றாண்டு கழித்து, 1702-இல், வின்சென்டைப் புனிதராக அறிவிக்க வேண்டித் திருத்தந்தை பதினோராம் கிளமெந்துக்கு எழுதிய மடலில் அவர் அந்தச் செவ்வாய்க்கிழமைகளை நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

இக்கூட்டத்தின் பெயர் அரண்மனைக்கும் எட்டியது. ஆயர் பதவிக்குத் தகுந்தவர் யார் என்று கர்தினால் ரிஷலியே வின்சென்டிடம் பெயர்கள் கேட்டார். இவ்வாறு பெயர்கள் கேட்கப்படுவதை வின்சென்ட் உறுப்பினரிடம் சொல்லவில்லை. தெரிந்தால் குருக்கள் மனமாற்றத்துக்காக அன்றிப் பதவிக்காக வரத் தொடங்குவார்கள் என்று அவர் அஞ்சினார். குருக்களின் பயிற்சி பதவிப் படிக்கட்டாக மாறும் ஆபத்தை அவர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார்.

திறந்த கதவும் அதன் செலவும்

தூய இலாசர் குருக்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. வழக்கறிஞர், படைவீரர், வணிகர், வேலைக்காரர், உயர்குடியினர் எனப் பலரும் தனித் தியானத்துக்கு வந்தனர். எல்லோரும் ஒரே உணவறையில் சேர்ந்து உண்டனர். பலவகை உயிர்களுக்கும் இடம் தந்த நோவாவின் பேழையோடு வின்சென்ட் இந்த இல்லத்தை ஒப்பிட்டார். 1635 முதல் 1660 வரை ஏறத்தாழ 20,000 பேர் இங்குத் தியானம் செய்ததாக அபெல்லி கணக்கிடுகிறார். இது வின்சென்ட்மீது பற்றுக்கொண்டவரின் மதிப்பீடு என்றாலும், இல்லத்தின் பரபரப்பை ஊகிக்க உதவுகிறது.

செலவு சபையை நெருக்கியது. பொறுப்பாளர்கள் வருவோரின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னார்கள். வின்சென்ட் இணங்கவில்லை. அறைகள் நிறைந்துவிட்டன என்று சொன்னபோது தம் அறையைக் கொடுக்கச் சொன்னார் என்பது சபை மரபில் வழங்கும் செய்தி. பதின்மூன்றாம் லூயியின் மனைவியான ஆஸ்திரியாவின் அன்னா அரசியும் செல்வப் பெண்மணிகள் சிலரும் பட்டம் பெறுவோரின் தியானச் செலவுக்குச் சில காலம் உதவினர். 1649-இல் ஃபிரோந்து உள்நாட்டுக் கலகத்தின்போது படைவீரர்கள் இல்லத்தில் புகுந்து தானியத்தைச் சூறையாடினர். அதன் பின்னும் பசித்தவர்களுக்குக் கஞ்சி வழங்குவது நிற்கவில்லை.

வரம்புகளும் மறுபக்கமும்

பதினொரு நாள் தியானம் ஒரு குருவை உருவாக்கப் போதாது என்பதை வின்சென்ட் அறிந்திருந்தார். 1636-இல் நல்ல பிள்ளைகள் கல்லூரியில் திரெந்து சங்கம் சொன்னபடி சிறுவர்களுக்கான குருமடத்தைத் தொடங்கினார். சிறு வயதில் சேர்ந்தவர்களுள் பலர் குருத்துவத்தை அடையாமலே விலகினர். 1642-இல் ரிஷலியேயின் நிதியுதவியோடு வயது வந்தவர்களுக்கான பயிற்சி தொடங்கியது. அதுவே நிலைத்தது. பின்னர் பிரான்சின் பல மறைமாவட்டங்களில் குருமடங்களை நடத்தும் பொறுப்பு வின்சென்டின் சபைக்கு வந்தது. எனவே தியான இல்லம் குருமடத்துக்கு மாற்றாக இருக்கவில்லை. குருமடம் இல்லாத காலத்தில் அவசர உதவியாகத் தொடங்கி, குருமடம் வந்த பின் அதைத் தொடரும் பயிற்சியாக அது நின்றது.

இல்லத்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. லெ போன் காலத்திலேயே அங்கு மனநலம் குன்றியோர் சிலர் தங்கவைக்கப்பட்டிருந்தனர். அவர்களைப் பேணும் பொறுப்பையும் வின்சென்ட் ஏற்றார். அடங்காத பிள்ளைகளை அரசாணை பெற்றுக் குடும்பத்தார் அடைத்துவைக்கும் சீர்திருத்த இல்லமாகவும் வளாகத்தின் ஒரு பகுதி பயன்பட்டது. 1785-இல் நாடக ஆசிரியர் பொமார்ஷே சில நாட்கள் இங்கு அடைக்கப்பட்டபோது பாரிஸ் முழுவதும் அது பேச்சாயிற்று. ஒரே மதிலுக்குள் சிலர் விரும்பித் தனிமையை நாடி வந்தனர், சிலர் விருப்பமின்றித் தனிமையில் அடைபட்டனர். பிற்காலத்தில் மக்கள் இந்த இல்லத்தைச் சினத்தோடு பார்த்ததைப் புரிந்துகொள்ள இதையும் கருத வேண்டும்.

புரட்சியும் முடிவும்

வின்சென்ட் 1660 செப்டம்பர் 27 அன்று தூய இலாசரில் காலமானார். 1737-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். இல்லம் அவருக்குப் பின்னும் சபையின் தலைமையகமாகத் தொடர்ந்தது.

1789 ஜூலை 13 அன்று, பாஸ்தில் கோட்டை வீழ்வதற்கு முந்தைய நாள், உணவுப் பஞ்சத்தில் தவித்த கூட்டம் தூய இலாசருக்குள் புகுந்தது. களஞ்சியத்தில் இருந்த தானியம் வண்டிகளில் ஏற்றி நகரச் சந்தைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. நூலகமும் அறைகளும் நாசமாயின. ஏழைகளின் பெயரால் தொடங்கிய இல்லத்தின் களஞ்சியத்தைப் பசித்த மக்களே உடைத்தார்கள் என்பது அதன் வரலாற்றில் வேதனையான முரண்.

1792 செப்டம்பர் தொடக்கத்தில் நல்ல பிள்ளைகள் கல்லூரியின் முறை வந்தது. அப்போது அது சேன் ஃபிர்மான் குருமடம் எனப்பட்டது. புரட்சி அரசு கேட்ட உறுதிமொழியை ஏற்க மறுத்த குருக்கள் அங்கு அடைத்துவைக்கப்பட்டிருந்தனர். கூட்டம் உள்ளே புகுந்து எழுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. குருக்களுக்குக் கற்பித்த கட்டடம் அவர்களின் கொலைக்களமாயிற்று. இவர்களைத் திருச்சபை 1926-இல் அருளாளராக அறிவித்தது. அந்த ஆண்டிலேயே சபை தூய இலாசரையும் இழந்தது. 1794-இல் அது சிறையாகிவிட்டது. கவிஞர் ஆந்திரே ஷெனியே அங்கிருந்தே அழைத்துச் செல்லப்பட்டு அவ்வாண்டு ஜூலை 25 அன்று தலை வெட்டப்பட்டார். பின்னர் அது பெண்கள் சிறையாக 20-ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது.

முறை நிலைத்த விதம்

கட்டடம் கைவிட்டுப் போனாலும் முறை பரவியிருந்தது. வின்சென்டின் சபையார் உரோமிலும் தியானங்களை நடத்தினர். 1659-இல் திருத்தந்தை ஏழாம் அலெக்சாண்டர் உரோமில் பட்டம் பெறுவோர் அவர்களிடம் தியானம் செய்ய வேண்டும் என்று விதித்தார்.

இந்த வரலாற்றை வின்சென்ட் ஒருவரோடு முடித்துவிட முடியாது. இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதலைப் பெற்று இயேசு சபையின் வழியாகப் பரவியிருந்தது. மிலான் பேராயர் சார்லஸ் பொரோமியோவும் 16-ஆம் நூற்றாண்டிலேயே தம் குருக்களுக்குத் தியானத்தையும் கூட்டங்களையும் ஏற்பாடு செய்திருந்தார். வின்சென்ட் இவற்றைச் சாதாரணப் பங்குக் குருவுக்கு எட்டும்படி, பணமின்றி, நிலையான ஓர் இல்லத்தில், ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமாக்கினார்.

பின்னர் இவ்வழக்கம் திருச்சபைச் சட்டமாயிற்று. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு மறைமாவட்டக் குருக்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் தியானம் செய்ய வேண்டும் என்றும், ஆண்டில் பலமுறை கூடி ஒழுக்கவியலையும் வழிபாட்டையும் பற்றிக் கலந்துரையாட வேண்டும் என்றும் விதித்தது. பதினோராம் பயஸ் 1922-இல் இஞ்ஞாசியாரை ஆன்மிகப் பயிற்சிகளின் பாதுகாவலராக அறிவித்தார். 1929-இல் தியானங்களைப் பற்றித் தனிச் சுற்றுமடல் வெளியிட்டார். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பட்டத்துக்குப் பின்னும் குருக்களின் கல்வியும் ஆன்மிகப் பயிற்சியும் தொடர வேண்டும் என்று வலியுறுத்தியது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு திருப்பட்டம் பெறுவோருக்குக் குறைந்தது ஐந்து நாள் தியானத்தைக் கட்டாயமாக்கியது.

1992-இல் இரண்டாம் ஜான் பால் குருக்களின் பயிற்சியைப் பற்றி வெளியிட்ட ஊக்கவுரை தொடர் உருவாக்கத்துக்கு ஒரு முழு அதிகாரத்தை ஒதுக்கியது. மனிதம், ஆன்மிகம், அறிவு, மேய்ப்புப்பணி என்னும் நான்கு தளங்களிலும் குரு வாழ்நாள் முழுவதும் வளர வேண்டும் என்பது அதன் கருத்து. குருமடத்தில் தொடங்கும் பயிற்சி வாழ்வின் இறுதிவரை நீளும் ஒரே பயணம் என்ற பார்வையை 2016-இல் வெளியான குருத்துவப் பயிற்சிக்கான பொது விதித்தொகுப்பு மீண்டும் வலியுறுத்தியது.

தமிழ் வழக்கில்

தமிழ்க் கத்தோலிக்கர் இந்தப் பயிற்சியைக் குறிக்கப் பழங்காலம் தொட்டு 'ஞான ஒடுக்கம்' என்ற சொல்லைப் பயன்படுத்துகின்றனர். புலன்களை வெளியிலிருந்து மீட்டு உள்ளே ஒடுக்குதல் என்ற பொருள் அதில் உள்ளது. இன்று 'தியானம்' என்ற சொல்லே மிகுதியாக வழங்குகிறது. தமிழக மறைமாவட்டக் குருக்கள் ஆண்டுத் தியானத்துக்காக ஓர் இடத்தில் கூடுவதும், இடையிடையே ஒருநாள் ஒடுக்கம் வைப்பதும் வழக்கமாக உள்ளன. தூய இலாசரின் பதினொரு நாட்களும் செவ்வாய்க்கிழமையும் வேறு வடிவில் இங்குத் தொடர்கின்றன எனலாம்.

அண்டை மாநிலமான கேரளத்தில் 1904-இல் தோன்றிய சீரோ மலபார் வின்சென்ட் சபை, வின்சென்ட் தே பவுல் தம் சபைக்கு வகுத்த ஒழுங்குகளைத் தழுவியது. சாலக்குடிக்கு அருகில் முரிங்ஙூரில் உள்ள பெரிய தியான மையத்தை நடத்துவது இச்சபையே. தமிழிலும் அங்குத் தியானங்கள் நடைபெறுகின்றன.

இன்றைய நிலை

பழைய தூய இலாசர் வளாகத்தின் பெரும்பகுதி 20-ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டது. பாரிசின் பத்தாம் வட்டாரத்தில் அந்த இடத்தில் ஒரு பூங்கா உள்ளது. எஞ்சிய கட்டடத்தில் 2015 முதல் பிரான்சுவாஸ் சகான் பெயரிலான பொது நூலகம் இயங்குகிறது. பாரிசின் புகழ்பெற்ற தொடருந்து நிலையம் ஒன்றும் சேன் லசார் பெயரைத் தாங்கியுள்ளது. அது இல்லம் இருந்த இடத்தில் இல்லை. இவ்வில்லத்தின் பெயரால் அமைந்த தெருவிலிருந்து அப்பெயர் வந்தது.

வின்சென்ட் சபையின் தாய் இல்லம் 1817 முதல் செவ்ர் தெருவில் உள்ளது. வின்சென்டின் உடல் அங்குள்ள சிற்றாலயத்தில், பீடத்துக்கு மேலே வைக்கப்பட்டுள்ளது. பாரிசுக்கு வரும் திருப்பயணிகள் அங்குச் சென்று வணங்குகின்றனர். ஆனால் பயிற்சி நடந்த இடத்தைப் பார்க்க விரும்புவோர் நூலகத்துக்குத்தான் செல்ல வேண்டும். குருக்கள் மீண்டும் மாணவராக அமர்ந்த அந்த வளாகத்தில் இப்போது பாரிஸ் மக்கள் நூல்களோடு அமர்ந்திருக்கிறார்கள்.